கொயரும் கஜோனும்: பாடகர் குழுவை நடத்தித் தாளமும் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு

எங்கள் ஊர்ப் பக்கம் கொயர் மாஸ்டர் ஆகிறவர்களில் பெரும்பாலோர் கீபோர்டிலிருந்து வருகிறார்கள். நான் தாளத்திலிருந்து வந்தவள். முதலில் தபேலா, அப்புறம் டிரம்ஸ், இப்போது அதிகம் கஜோன், அதாவது மேலே உட்கார்ந்து கையால் தட்டி வாசிக்கிற மரப்பெட்டி. பாளையங்கோட்டையில் ஒரு திருச்சபையின் பாடகர் குழுவையும் ஒரு பள்ளிக்கூடத்துக் கொயரையும் நடத்துகிறேன். திருமண ஆராதனைகளுக்கும் ரெக்கார்டிங்குக்கும் தாளம் வாசிக்கிறேன். இரண்டும் சேர்ந்துதான் என் பிழைப்பு. "அக்கா, இதைத் தொழிலாகச் செய்ய முடியுமா, எங்கே தொடங்குவது?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் வழக்கமாகச் சொல்வதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாளம் பாடுகிறவர்களின் உடம்பில் இருக்க வேண்டும். கஜோன் நின்றாலும், கீபோர்டு நின்றாலும், முப்பது பேரும் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கீழே வருகிற பயிற்சிகள் எல்லாமே அதற்காகத்தான்.

தாளக்காரர் எதைக் கொண்டு வருகிறார், எது குறைவு

2002 முதல் 2018 வரை பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்திய சைமன் ராட்டில் இளம் வயதில் பெர்கஷன், அதாவது மேற்கத்தியத் தாள வாத்தியங்கள், வாசித்தவர். எஸ்தோனியக்காரரான இசைக்குழு நடத்துநர் பாவோ யார்வியும் தாலினில் பெர்கஷன் படித்தவர்தான். இதற்குக் காரணம் இருக்கிறது. ஹாண்டலின் மெசையா என்ற பெரிய கொயர் படைப்பு முழுவதும் வாசிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் டிம்பனி என்ற பெரிய முரசு வருவது அல்லேலூயா கோரஸிலும் கடைசி கோரஸிலும் மட்டும். மிச்ச நேரமெல்லாம் அந்த வாசிப்பாளர் உட்கார்ந்து மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். யார் எங்கே மூச்சு எடுக்கிறார்கள், எங்கே வேகம் தளர்கிறது, ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் எங்கே பின்தங்குகிறது என்பதெல்லாம் அவர் காதில் பதிகிறது. கொயரை நடத்துகிறவருக்கு வேண்டிய முதல் பழக்கம் அதுதான். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்காகக் காத்திருந்த மிருதங்கக்காரருக்கும் இது இருக்கும்.

குறை எங்கே என்றால் நீளத்தில். கஜோனைத் தட்டினால் சத்தம் உடனே செத்துவிடும். குரல் அப்படி இல்லை, ஒரு ஸ்வரத்தை நான்கு எண்ணிக்கைக்குப் பிடித்து வைத்திருக்கும்போது அதற்குள்ளேயே ஏற்றமும் இறக்கமும் நடக்கிறது. தாளக்காரர் அடிக்கும் இடத்தை மட்டும் கவனிப்பார், இரண்டு அடிக்கு நடுவில் இருப்பதை விட்டுவிடுவார். இதற்கு ஒரே மருந்து, பாட வேண்டும். கொயரில் போய் உட்காருங்கள். உங்கள் குரல் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ என்றால் ஆல்டோவில் ஒரு வருடம் பாடுங்கள். அப்புறம் ஆண்களின் மேல்குரலான டெனர் வரியைத் தனியாக எடுத்து வீட்டில் பாடிப் பாருங்கள், ஒரு ஸ்தாயி மேலே என்றாலும் பரவாயில்லை. நான்கு குரலின் வரியையும் தனித்தனியாகப் பாடத் தெரியாத ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு குழுவின் முன்னால் நிற்காதீர்கள்.

படிப்பு

திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துச் சபைகளில் வயதானவர்கள் பலருக்கு ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் வராது, ஆனால் டோ, ரே, மி என்று எழுத்தால் எழுதும் டானிக் சோல்ஃபா தண்ணீர்பட்ட பாடு. இங்கிலாந்தில் சாரா குளோவர் உருவாக்கிய முறையை ஜான் கர்வென் என்ற போதகர் 19-ஆம் நூற்றாண்டில் விரிவாக்கினார். மிஷனரிகள் வழியாக அது இங்கே வந்து வேரூன்றியது. இதைப் பழசு என்று ஒதுக்குகிற இளைஞர்களிடம் நான் சண்டைக்கே போவேன். தாளக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்துமுறை இல்லை. செங்குத்துக் கோடு பலமான துடிப்பைக் காட்டும், முக்காற்புள்ளி போன்ற குறி பலவீனமான துடிப்பைக் காட்டும். நடுவில் ஒரு புள்ளி இருந்தால் துடிப்பு இரண்டாகப் பிரிகிறது, சிறு கோடு இருந்தால் முந்தைய ஸ்வரம் நீள்கிறது. பக்கத்தைப் பார்த்தாலே தாளம் கண்ணுக்குத் தெரியும். எந்த சுருதியாக இருந்தாலும் ஆதார ஸ்வரம் டோ என்பதால், சரிகமபதநி கற்றவர்களுக்கும் இது சீக்கிரம் பிடிபடும்.

சோல்ஃபா கைவந்த பிறகு ஸ்டாஃபுக்குப் போங்கள். தொழில் என்று வந்தால் அது இல்லாமல் முடியாது. பள்ளிகள் சான்றிதழ் கேட்கும். டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளில் டிரம் கிட்டுக்கும் பெர்கஷனுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் இருக்கிறது, இனிஷியல் தொடங்கி 8-ஆம் கிரேடு வரை. அதற்கு மேல் ஏடிசிஎல், எல்டிசிஎல், எஃப்டிசிஎல் டிப்ளமோக்கள். ஏபிஆர்எஸ்எம் என்ற இன்னொரு தேர்வு வாரியத்தின் வழியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 6-ஆம் கிரேடு செய்முறைத் தேர்வுக்குப் போகுமுன் 5-ஆம் கிரேடு தியரியையோ அதற்கு இணையான தேர்வையோ முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. எதுவாக இருந்தாலும் தியரியை 5 வரைக்குமாவது படித்துவிடுங்கள். நான்கு குரலுக்கு எழுதத் தெரியாத கொயர் மாஸ்டர் எப்போதும் அடுத்தவர் எழுதியதையே தேடிக்கொண்டிருப்பார்.

சென்னைக்குப் போக முடிந்தால் நல்லது. 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் கொயரின் நிகழ்ச்சிகளைப் போய்க் கேளுங்கள். ஹாண்டல் மானுவேல் பல வருடம் நடத்தி வளர்த்த குழு அது. ஏ. ஆர். ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி முழுநேரமாகப் படிக்க ஓர் இடம். போக வசதியில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். சனிக்கிழமை பிராக்டிஸைத் தவறவிடாமல் ஒரு நல்ல மாஸ்டரின் பக்கத்தில் நின்று நோட்டு எடுத்துக்கொடுத்து, நாற்காலி போட்டு, வராதவர்களுக்குப் போன் செய்து கற்றுக்கொள்வது எந்தப் படிப்புக்கும் குறைந்ததல்ல.

கை

இரண்டு, மூன்று, நான்கு எண்ணிக்கைக்கான கையசைவை எந்த வீடியோவிலும் பார்த்துக்கொள்ளலாம். நான்கு என்றால் கீழே, உள்ளே, வெளியே, மேலே. மூன்று என்றால் கீழே, வெளியே, மேலே. அதில் பெரிய வித்தை இல்லை. வித்தை இருப்பது முதல் அடிக்கு முந்தைய அசைவில்.

பேண்டில் நாம் குச்சியைத் தட்டி "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எடுத்துக் கொடுப்போம். கொயருக்கு அது வேண்டாம். ஓர் எண்ணிக்கை போதும், ஆனால் அந்த ஒன்றிலேயே வேகம், சத்தம், குணம் மூன்றும் இருக்க வேண்டும். கை மேலே போகும்போது நீங்களும் வாய் திறந்து, குழுவோடு சேர்ந்து மூச்சை எடுங்கள். மெதுவான பாட்டுக்கு மெதுவான மூச்சு. துள்ளலான கிறிஸ்துமஸ் கேரலுக்குச் சின்ன, விரைவான மூச்சு. நீங்கள் மூச்சு எடுக்காமல் கையை மட்டும் தூக்கினால் பாதிப் பேர் உள்ளே வருவார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்து வருவார்கள். கண்ணாடி முன்னால் நின்று இந்த ஒரு அசைவை மட்டும் பயிற்சி செய்யுங்கள், பாட்டே வேண்டாம்.

அடுத்தது, அடித்து எம்பும் பழக்கம். டிரம்ஸ் வாசித்த கை அடித்தவுடன் துள்ளி மேலே வரும். குழு அதைப் பார்த்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் வெட்டி வெட்டிப் பாடும். நீளமான வரிகளுக்கு, நல்லெண்ணெய்க்குள் கையை விட்டு இழுப்பதுபோல் இரண்டு அடிக்கு நடுவில் கை கனமாக நகர வேண்டும். அடிக்கிற இடம் தெளிவாக இருக்கட்டும், எம்புவது குறையட்டும்.

இடது கையை வலது கையின் நிழலாக்காதீர்கள். ஒலியைக் கூட்ட, குறைக்க, ஆல்டோவை உள்ளே அழைக்க, முடிவை வெட்ட அது தனியே நிற்க வேண்டும். தபேலாக்காரர்களுக்கும் டிரம்மர்களுக்கும் இரண்டு கையும் தனித்தனியாகப் பேசும் என்பதால் இது கீபோர்டுக்காரர்களைவிடச் சீக்கிரம் வந்துவிடும். வலது கையால் நான்கு எண்ணிக் கொண்டே இடது கையை எட்டு எண்ணிக்கையில் மெதுவாக மேலே கொண்டுபோய், அடுத்த எட்டில் கீழே இறக்குங்கள். தினமும் ஐந்து நிமிடம்.

கீர்த்தனைக்கு வந்தால் கணக்கே வேறு. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து நம் சபைகளில் பாடுகிற கீர்த்தனைகள் பலவும் ஆதி, ரூபகம், சாபு தாளங்களில் இருக்கின்றன, பலவற்றில் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தாளத்தின் முதல் அடியான சமத்தில் விழாது. அரை இடம் தள்ளி எடுக்கிற பாட்டுக்கு வழக்கமான ஆயத்த அசைவைக் கொடுத்தால் குழு சமத்திலேயே குதித்துவிடும். நான் செய்வது இதுதான்: சமத்தைச் சின்னதாக, கூர்மையாக, மூச்சில்லாமல் கொடுப்பேன். அந்தச் சமத்தில்தான் குழு மூச்சு எடுக்கும், உடனே பாட்டு. பிராக்டிஸில் எல்லாரும் தொடையில் சமத்தைத் தட்டி, அடுத்த அரையில் முதல் எழுத்தை மட்டும் சொல்லிப் பழகினால் சீக்கிரம் படிந்துவிடும். மிச்ர சாபு வந்தால் ஏழையும் எண்ணிக் காட்டாதீர்கள். "தகிட தக திமி" என்று மூன்று அசைவாகக் கொடுங்கள், முதலாவது நீளம், மற்ற இரண்டும் குட்டை. கண்ட சாபுவுக்கு "தக தகிட", இரண்டே அசைவு.

சொற்கட்டு சொல்லித் தாளத்தை உடம்பில் ஏற்றுவது நம்மிடம் இருக்கிற பெரிய சொத்து. வார்ம்-அப்பிலேயே சொல்லிப் பாருங்கள். பெண்களின் மேல்குரலான சோப்ரானோவும் டெனரும் "தகதிமி", ஆல்டோவும் பேஸும் அதே நேரத்துக்குள் "தகிட". மூன்றும் நான்கும் மோதுகிற அந்தச் சத்தத்தில் பள்ளிப் பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. அதற்குப் பிறகு அவர்களுக்கு எந்தக் கடினமான தாளத்தைக் கொடுத்தாலும் பயப்பட மாட்டார்கள்.

தமிழை எப்படிப் பாட வைப்பது

இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டுப் பயிற்சி வீடியோக்கள் எதிலும் இது இருக்காது.

பாமாலை என்ற சபைப் பாட்டுப் புத்தகத்தின் பாட்டுகளில் ராகம் ஐரோப்பாவிலிருந்து வந்தது, வார்த்தை தமிழ். நீளமான ஸ்வரம் பல இடங்களில் குறிலின் மேல் விழும். அப்படியே இழுத்தால் "மனம்" என்பது "மானம்" ஆகிவிடும், "வரம்" "வாரம்" ஆகிவிடும். சபையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ராகம் மனப்பாடம் என்பதால் பொருள் கெட்டது யாருக்கும் உறைப்பதில்லை. நான் இரண்டு வழிகளில் சரி செய்கிறேன். இரண்டு சமமான நீள ஸ்வரங்களில் "மனம்" விழுந்தால் முதல் ஸ்வரத்தைக் குறுக்கி, மிச்ச நேரத்தை இரண்டாவதுக்குக் கொடுத்துவிடுவேன். பாதி ஸ்வரம் இரண்டு என்பது கால் ஒன்று, முக்கால் ஒன்று என்று மாறும். ராகம் கெடாது, வார்த்தை பிழைத்துக்கொள்ளும். மாற்ற முடியாத இடத்தில் குறிலின் தொடக்கத்தை அழுத்தாமல் இலேசாக எடுத்து, அடுத்த எழுத்தில் சற்று எடை போடச் சொல்வேன். கேட்கிறவர் காதுக்குச் சொல் சரியாகிவிடும். இதைப் புதிய பாட்டு எடுக்கும்போதே பென்சிலில் குறித்துவிடுங்கள். பாடிப் பழகிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

இரட்டிக்கிற வல்லினம் அடுத்த பாடம். "வெற்றி", "பற்று", "பாட்டு" என்ற சொற்களில் நடுவில் ஒரு சின்ன அடைப்பு இருக்கிறது. முப்பது பேர் முப்பது இடத்தில் அடைத்தால் ஆலங்கட்டி மழைச் சத்தம்தான் வரும். அந்த அடைப்பு எந்த அரை எண்ணிக்கையில் விழும் என்று முடிவு செய்து, பாட்டில்லாமல், வார்த்தையை மட்டும் தாளத்தோடு பேச வையுங்கள். தாளக்காரரான உங்களுக்கு இது எளிது, ஏனென்றால் நீங்கள் அதை ஓர் அடியாகவே கேட்பீர்கள்.

"வந்து", "பாட்டு" என்று முடிகிற சொற்களில் கடைசி உகரத்துக்கு உதட்டைக் குவிக்க வேண்டாம், பேசுகிற மாதிரியே விட்டுவிடுங்கள். "ம்" என்று முடிந்தால் உங்கள் கை மூடும்போது எல்லா உதடும் ஒன்றாக மூட வேண்டும், மூடிய பிறகும் ஒரு நொடி முனகல் இருக்கலாம், அழகாக இருக்கும். சோப்ரானோ உச்சத்தில் "இ" வந்தால் குரல் கீச்சிடும். வாயைச் சற்றுத் திறந்து "எ" பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். ழகரத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நான் அதிகம் சொல்லவில்லை. ஒருவர் சரியாகச் சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர் கற்றுக்கொள்வார்.

கீர்த்தனைக்கு நான்கு குரல் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராகத்தின் மேல் கார்டுகளை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, அடுக்கினால், ராகத்தில் இல்லாத ஸ்வரங்கள் ஆல்டோவிலும் டெனரிலும் நுழைந்துவிடும். சின்னதாகத் தொடங்குங்கள்: பேஸ் ஆதார சுருதியைப் பிடிக்கட்டும், பல்லவியை ஆண்களும் பெண்களும் மாறி மாறிப் பாடட்டும், கடைசிச் சுற்றில் மட்டும் இரண்டு குரல் பிரியட்டும். மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கிய எம். பி. சீனிவாசன், இந்திய மொழிப் பாட்டுகளை, இந்திய மெட்டின் குணம் போகாமல், பல குரலில் பாட வைத்தார். அவருடைய குழுவின் பதிவு எது கிடைத்தாலும், எங்கே எல்லாரும் ஒரே குரலில் பாடுகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டே கேளுங்கள். ஒற்றைக் குரலின் பலம் அதில் தெரியும்.

சனிக்கிழமை பிராக்டிஸ்

ஆறு மணி என்றால் ஆறு மணிக்குத் தொடங்குங்கள், ஆறு பேர் இருந்தாலும் சரி. நேரத்துக்கு வந்தவர்களைக் காக்க வைத்தால் அடுத்த வாரம் அவர்களும் ஆறரைக்குத்தான் வருவார்கள். ஒன்றரை மணி நேரம் போதும். முதல் பத்து நிமிடம் உடம்புக்கும் மூச்சுக்கும்: தோளை உருட்டுவது, உதட்டைப் படபடக்க விடுவது, "ம்" என்று முனகிக்கொண்டு ஐந்து ஸ்வரம் இறங்குவது, அப்புறம் சொற்கட்டு. எல்லாரும் வந்து சேர்ந்து, மூளை விழித்திருக்கிற அந்த இருபதாவது நிமிடத்தில் மிகக் கடினமான பாட்டை எடுங்கள். கடைசியில் தெரிந்த பாட்டு ஒன்றை முழுக்கப் பாடி அனுப்புங்கள்.

புதுப் பாட்டை நான் எடுக்கிற வரிசை: முதலில் வார்த்தையைத் தாளத்தில் பேசுவது, பிறகு சோல்ஃபாவில் ஸ்வரம், பிறகு இரண்டையும் சேர்ப்பது. ஆல்டோவுக்கும் டெனருக்கும்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். சோப்ரானோவிடம் மெட்டு இருக்கிறது, அவர்கள் எப்படியும் பிடித்துக்கொள்வார்கள். சோப்ரானோ கேட்ட பிறகு ஆல்டோவுக்குச் சொல்லிக் கொடுத்தால் ஆல்டோ மெட்டுக்குள் இழுபட்டுப் போகும். ஒரு குரலுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மற்ற மூன்று குரலையும் சும்மா உட்கார வைக்காதீர்கள், அவர்கள் அதே இடத்தின் தாளத்தைத் தொடையில் தட்டட்டும். அரட்டையும் குறையும், தாளமும் ஏறும்.

எல்லாச் சபையிலும் டெனர் குறைவு. மூன்றே பேர் இருந்தால் அவர்களை ஓரத்தில் வைக்காமல் நடுவில், முன்வரிசையில் நிறுத்துங்கள். குரல் உடைகிற வயதுப் பையன்களை "கொஞ்ச நாள் வராதே" என்று அனுப்பிவிடாதீர்கள். அந்த வயதில் போகிறவன் திரும்பி வருவதில்லை. அவனுக்கு வசதியான நான்கைந்து ஸ்வரத்துக்குள் ஒரு வரி எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்த வருடம் கஜோனில் உட்கார வையுங்கள்.

சுருதி இறங்கினால் திட்டிப் பயனில்லை. ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும் இடத்திலும், மெட்டு கீழே இறங்கும் இடத்திலும்தான் இறங்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே நினைத்துப் பாடச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பாட்டையே அரை ஸ்வரம் மேலே ஏற்றிப் பாருங்கள். எஃப்-இல் தொங்குகிற பாட்டு எஃப் ஷார்ப்பில் பல சமயம் நிமிர்ந்து நிற்கும். மாதத்தில் ஒரு நாளாவது கீபோர்டை அணைத்துவிட்டு, சுருதி எடுக்க ஏ 440 டியூனிங் ஃபோர்க் ஒன்றை மட்டும் வைத்துப் பிராக்டிஸ் நடத்துங்கள். கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமையில் அதன் பலன் தெரியும்.

கேரல் பாட்டுகளின் பட்டியல் செப்டம்பருக்குள் முடிவாக வேண்டும், அக்டோபரில் பிராக்டிஸ் தொடங்க வேண்டும். கேரல் ஆராதனை எந்த நாளோ அதற்கு முந்தைய இரவுகளில், வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் வைக்க விடாதீர்கள். டோலக் சத்தத்துக்கு மேல், பனியில், நள்ளிரவு வரை கத்திப் பாடிய தொண்டை மறுநாள் மாலை மெல்லிய பாட்டைப் பாடாது. ஆயரிடமும் சபைக் கமிட்டியிடமும் தேதிகளை முன்கூட்டியே பேசி வாங்குங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எந்த வாத்தியம், எப்போது

தபேலா வைத்துக்கொள்கிறவர்கள் சுருதியைப் பார்க்க வேண்டும். வலது தபேலாவை ஒரு ஸ்வரத்துக்குச் சேர்த்தால், அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் ஏற்றவோ இறக்கவோ முடியும், அதற்கு மேல் சுத்தியலால் தட்டினால் தோல் போய்விடும். ஆராதனையில் பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும். ஆகவே பட்டியலை முன்பே வாங்கி, ஸா இல்லாவிட்டால் ப என்று பொருத்திக்கொள்ளுங்கள். சி-க்குச் சேர்த்த தபேலா, சி பாட்டுக்கும் எஃப் பாட்டுக்கும் நிற்கும். டி-க்குச் சேர்த்தால் டி, ஜி. கீபோர்டுக்காரரிடம் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடுமுன் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

கஜோன் பெருவில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் உருவாக்கிய பெட்டி. குறிப்பிட்ட சுருதி இல்லாததால் எந்தப் பாட்டுக்கும் போகும், பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டும் போகலாம். பழைய உயரமான கோவில்களில் எதிரொலி அதிகம். அங்கே பாஸ் அடியைக் குறைத்து, பிரஷ்ஷால் ஓரத்தை மட்டும் தொடுங்கள், இல்லாவிட்டால் வார்த்தை ஒன்றும் கேட்காது. பெண்பிள்ளைகள் இதன் மேல் உட்கார்ந்து வாசிப்பதைப் பற்றி முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கும் டாம்போரினைத்தான் நீட்டினார்கள். சுடிதார் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாக வாசியுங்கள் தங்கச்சிகளே. யாருடைய அனுமதியும் இதற்குத் தேவையில்லை.

கீபோர்டில் இருக்கிற ஆட்டோ ரிதத்தைப் பாடகர் குழுவோடு பயன்படுத்த வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. அது மூச்சுக்கு நிற்காது. குழு அதைத் துரத்தும், உங்கள் கையைப் பார்க்காது.

நடத்துவதும் வாசிப்பதும் ஒரே பாட்டில் வந்தால்? கஜோனில் உட்கார்ந்துகொண்டே தலையாலும் மூச்சாலும் பத்துப் பன்னிரண்டு பேரை நடத்தலாம். அதற்கு மேல் ஆட்கள் இருந்தால் வாத்தியத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். நான்கு குரல் பிரிகிற பாட்டில் குழுவுக்கு உங்கள் இரண்டு கையும் வேண்டும்.

காதைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலுக்கு மேல் எட்டு மணி நேரம் என்பது ஆபத்தான எல்லையாகச் சொல்லப்படுகிறது. டிரம்ஸ் அறையில் அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. இசைக்காரர்களுக்கென்று விற்கிற இயர் ப்ளக் வாங்குங்கள். சுருதி கேட்கிற காதுதான் உங்கள் முதலீடு.

வருமானம்

சபைக் கொயரை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பல சபைகளில் மாஸ்டருக்குக் கிடைப்பது ஒரு சிறு தொகை, சில இடங்களில் கிறிஸ்துமஸுக்கு ஒரு சால்வை. சேர்த்துக் கட்ட வேண்டியவை வேறே இருக்கின்றன: பள்ளியில் இசை ஆசிரியர் வேலை, கிரேடு தேர்வுக்கு வீட்டு வகுப்பு, திருமணங்கள், ஸ்டூடியோவில் தாளம், மற்ற சபைகளுக்குப் பாட்டு அரேஞ்ச் செய்து கொடுப்பது. இவற்றில் மாதச் சம்பளம் தருவது பள்ளி ஒன்றுதான், ஆகவே முதலில் அதைத் தேடுங்கள். கிரேடு மாணவர்கள் தேர்வுக்கு முந்தைய மாதங்களில் கூடுவார்கள், மே மாதத்தில் காணாமல் போவார்கள். திருமணங்கள் முகூர்த்த மாதங்களில் குவியும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தில் எங்கள் சபைகளில் நின்றுவிடும். அதைக் கணக்கில் வைத்துச் சேமியுங்கள்.

திருமணத்துக்கு ஒப்புக்கொள்ளும்போது எத்தனை பாட்டு, எத்தனை பாடகர்கள், கீபோர்டுக்காரருக்கும் சவுண்டுக்கும் பணம் யார் தருவது, ஒத்திகை எப்போது என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாதித் தொகை முன்பணம். "நம்ம பிள்ளைதானம்மா, பார்த்துச் செய்வோம்" என்கிற அண்ணாச்சிகளிடமும் மரியாதையாக அதையே சொல்லுங்கள். பாடுகிற பிள்ளைகளுக்கு ஆட்டோ காசும் சாப்பாடும் இல்லாத வேலையை ஏற்காதீர்கள்.

நோட்டுகளை ஜெராக்ஸ் எடுக்குமுன் உரிமையைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி படைப்பாளி இறந்து 60 ஆண்டு வரை பாட்டுக்குப் பதிப்புரிமை உண்டு. 1864-இல் மறைந்த சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை யாரும் பாடலாம், அச்சிடலாம். ஆனால் அதற்கு ஒருவர் அண்மையில் எழுதிய நான்கு குரல் அரேஞ்ச்மெண்ட் அவருடைய சொத்து. ஆராதனையில் பாடுவதற்குச் சட்டம் விலக்கு தருகிறது. அதையே பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம், அனுமதி வாங்க வேண்டும். பழைய மேற்கத்திய நோட்டுகள் ஐஎம்எஸ்எல்பி, சிபிடிஎல் என்ற இரண்டு தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிபிடிஎல் கொயருக்கென்றே 1998-இல் தொடங்கியது. முதல் வருடத்துக்கு வேண்டிய பாட்டெல்லாம் அதிலேயே கிடைத்துவிடும்.

கடைசியாக, இரண்டாவது வருடத்திலேயே ஒரு துணை மாஸ்டரைத் தேர்ந்தெடுங்கள். நன்றாகப் பாடுகிறவரைவிட, நேரத்துக்கு வருகிறவரையும் மற்ற குரல்களைக் கவனிக்கிறவரையும் பாருங்கள். வார்ம்-அப்பை அவரிடம் கொடுங்கள், பிறகு மாதம் ஒரு பாட்டு, பிறகு குருத்தோலை ஞாயிறு முழுவதும். அன்றைக்கு நீங்கள் ஊரில் இருந்தாலும் முன்னால் நிற்க வேண்டாம். எதைத் திருத்த வேண்டும் என்று தோன்றினாலும் குழுவின் முன் சொல்லாமல், திங்கட்கிழமை அவருக்குப் போன் செய்து பேசுங்கள்.